பூசையன்று நின்ற மிஷின்

அநியாயம் நடந்தது எனக்கில்லை அம்மா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசக்கியம்மாளுக்கு. மேலே மலையில், நில அதிர்வு நிலையத்தில், ஐந்து வருஷமாக ஒற்றை ஆளாக நின்று மிஷினைப் பார்த்துக்கொண்டவர். ஆயுத பூசைக்கு மிஷினை நிறுத்திவிட்டார் என்று காரணம் காட்டி அவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். நாற்பது நாளாக இதே சண்டை. இன்று மத்தியானம்தான் முடிந்தது. முடிந்த விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பஸ் சன்னலை இறக்கிவிடவா? சாரல் உங்கள் மேல்தான் அடிக்கிறது. காற்று வேண்டுமா, சரி, இருக்கட்டும்.

தூக்கம் வந்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். எனக்கும் அலுப்புதான். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் இது எனக்குள்ளேயே கிடந்து புளித்துப்போகும்.

பாறையடியில் ஏறினேனே, அந்த ஊருக்கு மேலேதான் நிலையம். நாலு கிலோமீட்டர் நடக்கணும். போனால் ஒரு சின்னக் கட்டடம், கூரையில் சோலார் தகடு, பின்னால் பாறையைக் குடைந்து ஒரு குழி அறை. அந்தக் குழிக்குள் ஒரு மிஷின் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பிடித்து வைக்கிற குத்துப்போணி அளவுதான் இருக்கும். பூமி எங்கே அசைந்தாலும் அது எழுதிக்கொள்ளும். இந்தோனேசியாவில் அசைந்தாலும் எழுதும், ஜப்பானில் அசைந்தாலும் எழுதும். எழுதியதை அந்த நிமிஷமே வெளிநாட்டில் இருக்கும் தலைமையகத்துக்கு அனுப்பும். உலகம் முழுக்க இப்படி நிறைய நிலையங்கள். அதில் ஒன்றை நம் ஊர்ப் பெண் ஒருத்தர் கட்டிக் காக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! நான் இதை மூன்று கருத்தரங்கில் பேசியிருக்கிறேன்.

நானா? பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. புவி இயற்பியல். பெயர் நிறைமதி.

இசக்கியம்மாள் ஐ.டி.ஐ. படித்தவர். அவருடைய அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கடை வைத்திருந்தார், அங்கே பத்து வருஷம் வேலை பார்த்தவர். கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று கையால் தடவியே சொல்லுவார். நிலையம் திறந்தபோது தலைமையகத்துக்காரர்கள் வந்தார்கள். உள்ளூர் ஆட்களைப் பழக்குவதுதான் எங்கள் கொள்கை என்றார்கள். இரண்டு வாரம் பயிற்சி. கடைசி நாள் ஒரு சான்றிதழ், ஒரு தொப்பி, ஒரு தோள்பை. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. பேட்டரி போய்விட்டது என்று எழுதினால் பேட்டரி வர எட்டு மாசம். இடையில் எலி கடித்த வயரை இசக்கியம்மாள்தான் ஒட்டினார். பழக்கிவிட்டார்களாம்! பழக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதற்கு என்ன பெயர், நீங்களே சொல்லுங்கள்.

அந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன கையேடு நூற்று நாற்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ். யார் படிப்பது? நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து தமிழில் எழுதினேன். யாரும் கேட்டு எழுதவில்லை, நானாக எழுதினேன். நூற்று நாற்பதை இருபத்தெட்டுப் பக்கமாக்கினேன். படிவங்கள், யார் யாருக்கு எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும் என்கிற சம்பிரதாயம், அந்த அட்டவணைகள், எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். மலையில் தனியாக நிற்கிற மனுஷி தலையில் அலுவலகக் குப்பையை ஏன் ஏற்றணும்? வேலைக்குத் தேவையானது மட்டும். படித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

இசக்கியம்மாள் அந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறார். எனக்கே கூச்சமாக இருந்தது. "டீச்சர், நீங்க எழுதுனதுல ஒரு எழுத்துகூட விடாமப் படிச்சாச்சு" என்பார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மதி என்று கூப்பிடுங்கள் அக்கா என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கமாட்டார்.

சரி, பூசை விஷயத்துக்கு வருகிறேன்.

கையேட்டில் பத்தொன்பதாம் பக்கம். "வருடத்துக்கு ஒருமுறை மிஷினை நிறுத்தி, ஈரத்தைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றி, நன்றாகக் காய்ந்த பின் இயக்கவும்." இது நான் எழுதியதில்லை, அவர்கள் புத்தகத்தில் இருப்பது, நான் தமிழில் சொன்னேன், அவ்வளவுதான். போன வருஷம்வரை நகரத்திலிருந்து ஆள் வந்து இதைச் செய்துகொண்டிருந்தார். இந்த வருஷம் ஆள் அனுப்பவில்லை. கேட்டால் பயணப்படி பாஸாகவில்லை என்றார்களாம். இசக்கியம்மாள் தாமே செய்தார். எந்த நாளில்? ஆயுத பூசையன்று. காயில் கடையில் வளர்ந்தவர் அம்மா. அன்றைக்குத்தான் மோட்டாரை எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, மறுநாள் காலைவரை ஒன்றையும் சுற்றவிடாமல் ஓய்வாக வைப்பார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தானே? பஸ்ஸுக்குக்கூட வாழைக்கன்று கட்டுகிறோம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினார். துடைத்தார். மழைக்காலம், குழிக்குள் ஈரம் காய நேரம் பிடிக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போட்டார். பத்தொன்பது மணி நேரம்.

அந்தப் பத்தொன்பது மணி நேரத்துக்குள் அந்தமான் பக்கம் கடலடியில் ஓர் அதிர்வு. பெரிசில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது சரியாக எங்கே என்று குறிக்க இந்தப் பக்கத்து நிலையம் வேணும். வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் பச்சையாக மினுங்க, எங்கள் புள்ளி மட்டும் கறுப்பு.

முதலில் தலைமையகத்தில் சிக்னல் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். மலையில் சிக்னல் போவது சாதாரணம், யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவைத்தது ஒரு போட்டோ.

இசக்கியம்மாள் பூசை முடிந்ததும் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். மிஷின் பெட்டி மேல் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், பக்கத்தில் ஒரு தட்டு சுண்டல். "நம்ம மிஷினுக்கும் பூசை போட்டாச்சு டீச்சர்." அந்த "நம்ம மிஷின்" என்ற சொல்லைப் பாருங்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அதை உலக நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இருக்கிற குழுவில் போட்டேன். "எங்கள் ஊரில் அறிவியல் கருவிக்கும் மரியாதை உண்டு" என்று இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதினேன். அறுபது பேர் இதயம் போட்டார்கள். பெரு நாட்டுக்காரர் ஒருவர் எங்கள் ஊரிலும் இப்படி உண்டு என்று எழுதினார். அறுபத்தோராவதாக ஒருத்தன் கேட்கிறான்: அழகான படம், ஆனால் மிஷின் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு ஏன் எரியவில்லை?

சந்தனத்தைப் பார்க்காமல் விளக்கைப் பார்க்கிற புத்தி! அவன் பெயரை நான் மறக்கவே மாட்டேன்.

என்ன சிரிக்கிறீர்கள்? சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

நாலாம் நாள் இசக்கியம்மாளுக்கு மெமோ வந்தது. அனுப்பியவர் ஞானதுரை சார், நகரத்து அலுவலகத்தில் இந்த நிலையத்துக்குப் பொறுப்பு. மதச் சடங்குக்காக அனுமதியில்லாமல் கருவியை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார். அவருக்கு வேறு கணக்கு. மலையில் ஆளே வேண்டாம், நகரத்திலிருந்தே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், மாசம் ஒரு தடவை ஒரு கம்பெனி ஆள் போய்விட்டு வந்தால் போதும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். மார்கழியோடு இசக்கியம்மாளின் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்காமல் விட்டால் போதும், வேலை முடிந்தது.

மெமோவை எடுத்துக்கொண்டு இசக்கியம்மாள் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி. என் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், சடங்குன்னு எழுதியிருக்காவ. நான் சடங்குக்கு நிறுத்தல. புத்தகத்துல போட்டிருந்துச்சு, நிறுத்துனேன். பூசையன்னைக்கு நிறுத்துனது என் வழக்கம், அவ்வளவுதான். இத இப்படியே எழுதிக் குடுத்துருவமா?" என்றார்.

நான் சொன்னேன்: "இசக்கியக்கா, அப்படி எழுதினால் சின்னதாகப் போய்விடும். இது உங்கள் ஒருத்தர் பிரச்சினை இல்லை. தலைமையகத்துக்காரர்கள் டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் கடையை மூடிவிட்டுப் போகிறார்களே, யார் மெமோ கொடுத்தார்கள்?"

"அவிய மூடும்போது மிஷின் ஓடிட்டுல்லா இருக்கும் டீச்சர்" என்றார்.

பாருங்கள், அவர் எப்போதும் இப்படித்தான். தம் பக்கத்து நியாயத்தையே தாம் பேசமாட்டார். ஒடுக்கப்பட்டவர்களிடம் இது உண்டு, நான் படித்திருக்கிறேன்.

மெமோவுக்குப் பதிலாக, தலைமையகத்துக்கும் நகல் போட்டு, பதினோரு பக்கம் எழுதினேன். ஆயுத பூசையின் பொருள் என்ன, கருவியை மதிக்கும் பண்பாடு எது, கருவியை வெறும் இரும்பாகப் பார்க்கும் பண்பாடு எது, அறிவியல் யாருடையது. இசக்கியம்மாளிடம் கையெழுத்துக் கேட்டேன். பதினோரு பக்கத்தையும் புரட்டினார். "இதுல பத்தொன்பதாம் பக்கத்தப் பத்தி ஒண்ணும் இல்லையே டீச்சர்" என்றார். அது வேண்டாம், அதைச் சொன்னால் பேச்சு திசை மாறிவிடும் என்றேன். பக்கங்களை நேராக அடுக்கினார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். எனக்காகப் போட்டார் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, அப்படியும் இருக்காது.

அந்தக் கடிதம் போனபிறகுதான் தலைமையகத்துக்காரர்கள் உஷாரானார்கள். அதுவரை ஒரு நாள் தவறு என்று இருந்தது. இப்போது கொள்கைப் பிரச்சினை ஆகிவிட்டது. ஞானதுரை சாருக்கு வெல்லம் தின்ன மாதிரி. "அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, வருஷா வருஷம் நிறுத்துவோம், அது எங்க பண்பாடுன்னு. இனி நாம என்ன செய்ய முடியும்மா?" என்று போனில் என்னிடமே சொல்லிச் சிரித்தார். வருஷா வருஷம் என்று நான் எழுதவில்லை. எட்டாம் பக்கத்தில் அப்படி ஒரு தொனி இருந்திருக்கலாம்.

ஆக, இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு வீடியோவில் விசாரணை. மலையில் இணையம் மிஷினுக்கு மட்டும்தான் போதும், அதனால் பாறையடி இ-சேவை மையத்தில் உட்கார்ந்தோம். பின்னால் ஆதார் திருத்த வந்தவர்கள் வரிசை. திரையில் ஒரு பக்கம் ஞானதுரை சார், டை கட்டிக்கொண்டு. இன்னொரு பக்கம் இங்க்ரிட் என்று ஓர் அம்மாள், தலைமையகத்தில் நிலையங்களுக்கெல்லாம் பொறுப்பு. ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். நான் மொழிபெயர்ப்பாளர்.

இங்க்ரிட் கேட்டார், அன்று என்ன நடந்தது என்று. இசக்கியம்மாள் சொன்னார்: "புத்தகத்துல தொடைக்கச் சொல்லிருந்துச்சு. நிறுத்துனேன், தொடச்சேன், காயவச்சுப் போட்டேன்."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அப்படியே சொல்லிவிட முடியுமா? அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொன்னேன். கருவி என்றால் எங்களுக்கு என்ன, ஓய்வு என்றால் என்ன, ஆயிரம் வருஷமாக. சுருக்கமாகச் சொன்னதை விரிப்பதுதானே மொழிபெயர்ப்பு?

வரிசையில் நின்ற ஒரு கிழவர், "ஏ இசக்கி, நீ மூணு வார்த்தைதானள பேசுன, அந்தப் பிள்ள காமணி நேரமா என்ன பேசுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இசக்கியம்மாளும் சிரித்தார். மையத்துப் பெண் எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னாள்.

இங்க்ரிட் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: "உங்கள் தமிழ்க் கையேட்டில், நிறுத்துவதற்கு ஐந்து நாள் முன்னால் எங்களுக்கு எழுத வேண்டும் என்ற பக்கம் இருக்கிறதா?"

அது இப்போதைய கேள்வி இல்லை என்றேன். நாம் பேசிக்கொண்டிருப்பது மரியாதையைப் பற்றி, படிவங்களைப் பற்றி அல்ல என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். இருக்கிறதா, இல்லையா. நூற்று நாற்பது பக்கத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு ஐந்து வருஷத்தில் நேரமில்லை, இலவசமாகச் செய்தவளைக் குறுக்கு விசாரணை செய்கிறீர்களா என்று கேட்டேன். சரியான கேள்வி அம்மா. இன்றைக்கு நான் பேசியதிலேயே அதுதான் சரியான கேள்வி. அதற்கு அந்த அம்மாள், ஆமாம், அது எங்கள் தவறு என்று உடனே ஒத்துக்கொண்டுவிட்டார். ஒத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் என்ன பேசுவது?

அந்த இடைவெளியில் ஞானதுரை சார் நுழைந்தார். "மேடம், தவறு யாருடையதா இருந்தாலும் சரி. அடுத்த வருஷமும் இதே பூசை வரும். அதைக் கேளுங்க" என்றார். பிடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நிறுத்துவேன் என்றால் வேலை போகும். நிறுத்தமாட்டேன் என்றால் பூசை தப்பு, நான் செய்தது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று ஆகும். நாற்பது நாளாக நான் எதற்கு எதிராக நின்றேனோ அது.

இசக்கியம்மாள் பக்கம் குனிந்து, "பதில் சொல்லாதீர்கள், அந்தக் கேள்வியே தப்பு, கேள்வியை ஏற்க மாட்டோம் என்று நான் சொல்கிறேன்" என்று காதில் சொன்னேன்.

"கேக்காவல்லா டீச்சர். கேட்டா சொல்லாண்டாமா?" என்றார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம். வேலை போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். ஞானதுரை சார் டையைத் தளர்த்திக்கொண்டு போய்விட்டார். வருஷா வருஷம் ஒரு வாரம் ஆள் வந்து கூட இருந்து சொல்லிக்கொடுப்பார்களாம், பேட்டரி இரண்டு உபரியாக நிலையத்திலேயே இருக்குமாம். என் கையேட்டையும் மறுபடி அச்சடிக்கப்போகிறார்களாம். நான் எடுத்த பக்கங்களைச் சேர்த்துத் தரணுமாம், அடுத்த மாசத்துக்குள். எனக்கு வேலை! ஜெயித்தோம் என்று பாறையடியே சொல்கிறது. வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார் இசக்கியம்மாள், குடித்தேன். ருசியே தெரியவில்லை. ஜெயித்த மாதிரி ஏன் அம்மா எனக்கு இல்லை? நாற்பது நாள், பதினோரு பக்கம், எவ்வளவு பெரிய வாதம் கையில் இருந்தது. அதை அப்படியே கீழே போட்டுவிட்டு நடந்துபோய்விட்டார் அந்த மனுஷி.

என்ன சொன்னார் என்றா?

கேள்வியை ஏற்க மாட்டோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் மடிக்கணினியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பி, சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, பாதி தமிழ் பாதி இங்கிலீஷில், திரையில் இருந்த அந்த அம்மாளிடம் நேரடியாகச் சொன்னார்:

"நிறுத்துவேன் மேடம். வருசத்துக்கு ஒருக்காத் தொடைக்கலன்னா உள்ள ஈரம் ஏறிரும். என்னைக்கு நிறுத்தணும்னு நீங்க நாள் குடுங்க, யாருக்கு எழுதணும்னு சொல்லுங்க, எழுதிட்டு நிறுத்துதேன். பூசையன்னைக்கு சந்தனம் வைப்பேன். சந்தனம் வைக்கதுக்கு மிஷின் நிக்கணும்னு இல்ல."